எதிரிக்காக ஒரு ஜெபம்

“‘கோயில் தெருக்காரங்க கடையில எதுவும் வாங்காதீங்க. அவங்களுக்குத் தண்ணிகூடக் கொடுக்காதீங்க.’ சர்ச் திருவிழா பிரசங்கத்துல இப்படிப் பேசினது நீங்கதானே, உபதேசியாரே?” இன்ஸ்பெக்டர் செல்போனைக் காட்டினார்.

ரேமண்ட் பதறினார். “நான்தான் சார். ஆனா, சில பேரு இப்படிப் பேசுதாங்கன்னு நடிச்சுக் காட்டினேன். அது பெரிய பாவம்னு அடுத்தாப்லயே கண்டிச்சேன். அந்த எடத்த வெட்டிட்டாங்க.”

“மாட்டுற எல்லாரும் இதைத்தான் சொல்லுதாங்க. உங்க தெருவும் கோயில் தெருவும் கொதிச்சுக் கிடக்கு. முழு வீடியோ இல்லேன்னா கேஸ்தான். கிளம்புங்க.”

காபி கொண்டுவந்த கிரேஸி தம்ளரை மேசையில் வைத்தாள்.

ரேமண்ட் சட்டையை மாட்டிக்கொண்டு மனைவியிடம் வந்தார். “நம்ம மேல யாருக்கு இம்புட்டுப் பகைன்னு தெரியல. அவங்களுக்காகவும் ஜெபம் பண்ணு, கிரேஸி.”

அவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. தன் செல்போனை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள்.

“முழுசும் இதுல இருக்கு சார்.”

“உங்களுக்கு யாரு அனுப்புனா?”

“நான்தான் எடுத்தேன். ஸ்டேட்டஸ்ல முழுசும் ஏறல. அதான்...” கணவரை நிமிர்ந்து பார்க்க முடியாமல் அழுதாள். “அவுக மொகம் நல்லா விழுந்த எடத்த மட்டும் வெட்டிப் போட்டேன்.”