மூன்றாவது பெயர்

ஞாயிற்றுக்கிழமை வெயில் சன்னல் வழியாக டிவி ஸ்டாண்டில் விழுகிறது. அங்கே வைஃபை பெட்டியின் பச்சை விளக்குகள் கண்சிமிட்டிக்கொண்டிருக்கின்றன. பக்கத்து வீட்டுத் தணிகைவேல் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சம்பூர்ணம் அக்காவின் போனில் அந்தப் பெட்டியின் செட்டிங்ஸைத் திறக்கிறான். போன வருஷம் இதற்குப் பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தவனும் அவன்தான். "எவனோ நம்ம நெட்ட திருடிக்கினு கீறான், தணிகை. மஸ்கட்லேர்ந்து எம் புள்ள வீடியோல வந்தா மூஞ்சி அப்புடியே நின்னுடுது. மாடில வாடகைக்கு கீற சிப்காட் கம்பெனி பசங்கதான், வேற யாரு? சாயங்காலத்துக்குள்ள ரூம காலி பண்ணச் சொல்லிட்டேன்" என்கிறாள் அக்கா. "அவுங்களாத்தான் இருக்கும்க்கா" என்கிறான், தலை நிமிராமல். பெட்டியோடு இணைந்திருப்பவற்றின் பட்டியலில் மூன்றே பெயர்கள். அக்காவின் போன், அக்காவின் டிவி, பூமிகா டேப்லெட். பூமிகா அவன் மகள். கட்டைவிரலால் அந்த மூன்றாவது வரியை மறைக்கிறான். விரல் வியர்த்துத் திரையில் ஈரமாகப் படிகிறது. அக்கா காபி எடுக்கத் திரும்பிய நேரத்தில் பழைய பாஸ்வேர்டை அழித்துவிட்டுப் புதியதைப் போடுகிறான். பச்சை விளக்குகள் அணைந்து மறுபடி எரிகின்றன. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குழந்தையின் குரல் கணீரென்று வருகிறது. "அப்பா! நெட்டு போச்சுப்பா!" டம்ளரை நீட்டிய அக்காவின் கை அப்படியே நிற்கிறது. அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மாடியில் ஒரு தகரப் பெட்டி தரையை உரசிக்கொண்டு வாசல் பக்கம் நகர்கிறது.