அரைமணி மாஸ்டரின் முழுநாள் பாடம்

முன்வரிசையில் நீல நோட்டும் பேனாவுமாக அந்த அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததுமே மாஸ்டர் வாசலிலேயே நின்றுவிட்டார். முப்பத்தைந்து வயது இருக்கும். முகத்தில் மருந்துக்குக்கூடச் சிரிப்பு இல்லை.

"மேடம்... ஆபீஸ்லேர்ந்தா?"

"எழுதிக்கத்தான் வந்திருக்கேன். நீங்க நடத்துங்க சார்."

போச்சுடா! விசாரணைதான், சந்தேகமே இல்லை.

மாஸ்டரின் வேலை பாதுகாப்புப் பயிற்சி. ஆளைக் கூடையில் வைத்து உயரத்துக்குத் தூக்குகிற லிஃப்ட் வண்டியில் வேலை செய்பவர்களுக்கு அவர்தான் சொல்லித் தரவேண்டும். சான்றிதழில் எட்டு மணி நேரம் என்று போட்டிருக்கும். இவர் நாலு படத்தைக் காட்டி, கையெழுத்தை வாங்கி, அரை மணியில் அனுப்பிவிடுவார். 'அரைமணி மாஸ்டர்' என்று பேரே வைத்துவிட்டார்கள். யாரும் குறை சொன்னதில்லை. சீக்கிரம் விட்டால் யாருக்குக் கசக்கும்?

போன வருஷம் அவரிடம் படித்துப் போன எலெக்ட்ரீஷியன் ஒருவர் குடோனில் செத்துப்போனார். கூடை மேலே ஏறும்போது கைப்பிடிக் கம்பிக்கும் கூரை உத்தரத்துக்கும் நடுவில் நெஞ்சு மாட்டிக்கொண்டது. கீழே இருந்தபடியே கூடையை இறக்க வண்டியில் லீவர் உண்டு. அது தெரியாமல் நாலு பேர் இருபது நிமிஷம் ஏணி தேடி ஓடினார்கள். "நான் எல்லாத்தையும் சொல்லித்தான் அனுப்பினேன்" என்று மாஸ்டர் ஒரே சாதிப்பாகச் சாதித்துவிட்டார். சொல்லவில்லை என்பது அவர் மனசுக்குத் தெரியும். என்றைக்காவது ஒருநாள் யாராவது நோட்டோடு வந்து நிற்பார்கள் என்று அன்றிலிருந்தே பயம்.

"எல்லாரும் நிமிர்ந்து உக்காருங்க! இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் கிளாஸ்."

பன்னிரண்டு பேரும் வாயைப் பிளந்தார்கள். "மாஸ்டர், உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார் வெல்டர். ஒரே சிரிப்பு. இந்த வம்பே இவரால்தான் என்பதுபோல எல்லோரும் அந்த அம்மாவை முறைத்தார்கள். மூன்றாவது வரிசையில் இருந்த பெயின்டர் மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை.

மாஸ்டர் தொண்டை வறளப் பேசினார். டயரைப் பாருங்க, தரையைப் பாருங்க, தலைக்கு மேல என்ன இருக்குன்னு பாருங்க, கரண்ட் கம்பி பக்கமே போகாதீங்க. இத்தனை விஷயம் தனக்குத் தெரியும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. அந்த அம்மா ஒரு வார்த்தை விடாமல் எழுதினார்.

மத்தியானம் முற்றத்தில் வண்டியை நிறுத்திச் செய்முறை. பெயின்டரின் முறை வந்தது. இடுப்பு பெல்ட்டின் கொக்கியை எடுத்தவர், எல்லோரும் செய்கிற அதே தப்பைச் செய்தார். கூடையில் இருக்கிற வளையத்தை விட்டுவிட்டு, உறுதியாக இருக்கிறதே என்று பக்கத்துக் கட்டடத் தூணில் மாட்டினார்.

பேனா கீழே விழ, அந்த அம்மா எழுந்தேவிட்டார்.

"யோவ், தூணிலயா மாட்டுவே? கூடை நகர்ந்தா உன்னை உருவி வெளியில போட்டுடுமே!" மாஸ்டர் கத்தினார். "வந்தவங்க முன்னால மானத்தை வாங்காதய்யா!"

பெயின்டர் கொக்கியை மாற்றி மாட்டும்வரை அந்த அம்மா உட்காரவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார். "மேல இருக்கிறவருக்கு ஏதாவது ஆயிட்டா, கீழ நிக்கிறவங்க என்ன செய்யணும் சார்?"

விஷயத்துக்கு வந்துவிட்டார்! மாஸ்டர் வண்டியின் அடிப்பக்கம் ஓடி, சிவப்பு மூடியைத் திறந்தார். "இந்த பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு இந்த லீவரைத் தள்ளணும் மேடம். கூடை இறங்கிடும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு நிமிஷம்கூட ஆகாது."

அந்த அம்மாவின் பேனா அப்படியே நின்றது. "எல்லாரையும் ஒருதடவை செய்யச் சொல்லுங்க."

பன்னிரண்டு பேரும் செய்தார்கள். தூணில் மாட்டிய பெயின்டரை மட்டும் அந்த அம்மா இரண்டு தடவை செய்யச் சொன்னார்.

சாயங்காலம் எல்லோரும் கலைந்ததும் மாஸ்டர் அந்த அம்மாவின் பின்னாலேயே ஓடினார். "மேடம், ரிப்போர்ட்ல அந்த குடோன் விஷயத்தை மட்டும் எழுதிடாதீங்க. அன்னைக்கு நான் லீவரைக் காட்டலை. தப்புதான். எனக்கும் ஒரு பொண்ணு இருக்கு மேடம்."

"நான் எந்த ஆபீஸும் இல்லை சார்." நோட்டை மூடினார். "குடோன்ல செத்தது என் அண்ணன்."

மாஸ்டர் அந்த நோட்டையே பார்த்தார். "அப்ப... என்னை மாட்டிவிடத்தானே இவ்வளவு நேரம் எழுதினீங்க?"

"உங்களை மாட்டிவிட்டா என் அண்ணன் வந்துடுவானா? எதிர்ல ஒருத்தி நோட்டோட உக்காந்தாத்தான் நீங்க முழுசா சொல்லித் தருவீங்கன்னு தோணுச்சு."

வாசல் பக்கம் திரும்பினார். மூன்றாவது வரிசைப் பெயின்டர் இரண்டு சாப்பாட்டுப் பைகளையும் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"நாளைக்குக் கூடையில ஏறப்போறது என் வீட்டுக்காரரு சார்."