துவக்கு

மேசையின் நடுவில் மஞ்சள் நிறத்தில் ஒரு தண்ணீர்த் துப்பாக்கி கிடந்தது. வேலைக்குக் கிளம்பியவளை அவசரமாகக் கூப்பிட்டது இந்த ஒற்றைப் பவுண்டு விளையாட்டுச் சாமானுக்காகவா என்று சிவனேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மனோர் பார்க்கில் மகள் படிக்கும் பள்ளிக்கூடம் அது. சின்னப் பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் அவளை உட்கார வைத்திருந்தார்கள், முழங்கால் நெஞ்சில் இடித்தது. எதிரே தலைமையாசிரியை, பக்கத்தில் மொழிபெயர்க்க வந்த மதுரைக்காரி செல்வமணி. மூடிய கதவை அடைத்துக்கொண்டு ஒரு பொலிஸ்காரி நின்றாள்.

ஏழு வயது ஆரபி அம்மாவின் பக்கத்தில் நின்றாள். மெல்ல எட்டி, துப்பாக்கியின் பிடியை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, அதன் முனை சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தாள். எதுவும் ஒழுங்காக இல்லாவிட்டால் தகப்பனைப் போலவே இந்தப் பிள்ளைக்கும் பொறுக்காது.

"கையை வைச்சுக்கொண்டு சும்மா நில்லு பிள்ளை," என்று சிவனேஸ்வரி அதட்டினாள்.

பொலிஸ்காரி ஒரு தாளைப் பார்த்து வாசிக்க, செல்வமணி தமிழில் சொன்னாள். "மத்தியானம் ஒரு பையன் இதை வச்சு விளையாடியிருக்கான். உங்க பொண்ணு பிடுங்கிட்டாளாம். சாப்பாடு போடுற மரியநாயகி அம்மாகிட்ட, 'ஞாயிற்றுக்கிழமையில அப்பா எனக்குத் துவக்கு சொல்லித் தாறவர்'னு சொன்னாளாம். அந்தம்மா யாழ்ப்பாணம். துவக்குன்னா துப்பாக்கின்னு எழுதிக் கொடுத்திருக்காங்க."

சிவனேஸ்வரி மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மரியநாயகி எழுதியதில் பிழையில்லை, யாழ்ப்பாணத்தில் துவக்கு என்றால் துப்பாக்கிதான். அந்தச் சத்தத்துக்குப் பயந்துதானே கடல் தாண்டி இந்தக் குளிருக்குள் வந்து விழுந்தது!

"இப்பவே வீட்டைச் சோதனை போடணுமாம்," என்றாள் செல்வமணி தயங்கித் தயங்கி. "அதுவரைக்கும் பொண்ணை வேற குடும்பத்துல தங்க வைப்பாங்களாம். எத்தனை நாள்னு இப்ப சொல்ல முடியாதாம்."

"ஐயோ, என்ர பிள்ளையையோ?"

சிவனேஸ்வரி பதறி எழுந்தாள். இடுப்பில் இறுகியிருந்த நாற்காலியும் கூடவே எழுந்தது. பொலிஸ்காரி கதவுக் கைப்பிடியில் கை வைத்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

கணவன் தவராசாவை நாலு தரம் கூப்பிட்டுப் பார்த்தாயிற்று. பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்டு முடியும்வரை அவன் போனைத் திறக்கமாட்டான்.

"உங்க வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர்னு கேக்கறாங்க."

"அவர் பயந்த மனிசன் அக்கா. போன மாசம் வேலையிடத்துக்குள்ள கள்ளர் வந்து கழுத்தில கத்தி வைச்சவங்கள். அதுக்குப் பிறகு அவருக்கு நித்திரையே இல்லை. அவர் துவக்குத் தூக்குவாரோ?"

"அப்ப ஞாயித்துக்கிழமை என்னதான் சொல்லிக் கொடுக்கறாராம்?"

"தமிழும் வாய்ப்பாடும். ஞாயிறு எண்டா நான் வேலைக்குப் போயிடுவன். அவர்தான் பிள்ளையை இருத்தி..."

 சட்டென்று அவளுக்குப் பொறி தட்டியது. சோற்றைப் போட்டு வைத்தாலும் "ம், துவக்கு!" கொப்பியைத் திறந்தாலும் "ம், துவக்கு!" தவராசாவின் வாயில் எந்நேரமும் இருக்கிற சொல் அல்லவா அது!

"அக்கா, அது இந்தத் துவக்கில்லை! பாடத்தைத் துவக்கு எண்டு சொல்லுறவர். 'துவக்கு' எண்டு சொல்லிப்போட்டுத்தான் அவர் சொல்லிக் குடுக்கிறவர்!"

செல்வமணி வாய்விட்டுச் சிரித்தாள். "அட, ஆமா! எங்க ஊர்ல துவக்குன்னா ஆரம்பின்னுதாங்க அர்த்தம். அதுல துப்பாக்கி எங்க இருக்குன்னு நானும் முழிச்சுக்கிட்டு இருந்தேன்!"

அவள் ஆங்கிலத்தில் மடமடவென்று விளக்கினாள். தலைமையாசிரியைக்கு முதலில் சிரிப்பு வந்தது. பொலிஸ்காரி மட்டும் சிரிக்காமல் ஆரபியின் முன்னால் குனிந்து, அப்பா அப்படிச் சொன்னதும் நீ பாடத்தை ஆரம்பிப்பாயா என்று கேட்டாள்.

ஆரபி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஓம் என்று சொல்லு ராசாத்தி என்று அந்த முகம் கெஞ்சியது. பிள்ளை மெதுவாகத் தலையாட்டியது.

தாளில் ஒரு கோடு விழுந்தது. சோதனை வேண்டாம், சிரமத்துக்கு மன்னிக்க வேண்டும் என்று பொலிஸ்காரி கை கொடுத்தாள்.

பஸ்ஸில் ஏறி மகளை மடியில் இருத்திய பிறகுதான் சிவனேஸ்வரிக்கு மூச்சு வந்தது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அக்கம்பக்கம் பார்க்காமல் பிள்ளையைக் கொஞ்சித் தீர்த்தாள்.

"இனிமேல் பள்ளிக்கூடத்தில துவக்கு கிவக்கு எண்டு வாய் திறக்கப்படாது, விளங்குதோ?"

"ஓம் அம்மா." ஆரபி யன்னல் வழியே பார்த்தாள். "அந்தப் பொலிஸ் அன்ரி எங்கட வீட்டை வரவேமாட்டாவோ?"

"வரமாட்டா. நான்தான் எல்லாத்தையும் வடிவாச் சொல்லிப்போட்டனே. நீ பயப்பிடாதை."

பிள்ளை நிம்மதியாகச் சாய்ந்து கொண்டது.

"அப்ப, அப்பாவின்ர சூட்கேசுக்குள்ள இருக்கிற துவக்கை அவ காணமாட்டாதானே, அம்மா?"