தண்ணி குடிக்கும் கண்டுகள்

"உதிலை ஆகக் கூடத் தண்ணி குடிக்கிறது எது?"

விதைக்கடைக் கனகரத்தினத்திடம் தில்லைநாதன் இப்படிக் கேட்டபோது, பக்கத்தில் நின்ற அவர் மனைவி கமலாவதி நல்ல கேள்விதான் என்று நினைத்தாள். அவற்றை விலக்கத்தானே கேட்கிறார் மனுசன்.

"ரோசா நல்லாக் குடிக்கும், ஐயா. மணிவாழை அதைவிடக் குடிக்கும். வெண்டி, பயித்தை, கீரை எல்லாம் விடியவும் கேக்கும், பின்னேரமும் கேக்கும். உங்கடை கொழும்புத்துறை வெய்யிலுக்குக் குரோட்டனும் கடதாசிப்பூவும் கொண்டு போங்கோ. நட்டுப்போட்டு மறந்துபோய் இருக்கலாம்."

"ரோசாவிலை ஆறு கண்டு தாரும். மணிவாழைக் கிழங்கு ஒரு பை. வெண்டி விதை, பயித்தை விதை, கீரை விதை."

கமலாவதிக்கு வந்த கோபத்தை அந்தச் சின்னக் கடை தாங்காது. வீட்டு முகப்புக்கு இரண்டு பக்கமும் குரோட்டன் வைக்க வேணும் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தவள் அவள். ஆனாலும் கோபம் குரோட்டனுக்காக இல்லை, தண்ணிக்காக.

அந்தக் குறிச்சியில் உப்புக் கரிக்காத கிணறு அவர்களுடையது ஒன்றுதான். விடிந்தால் தங்கமுத்து இரண்டு குடங்களோடு வந்து வேலியடியில் நிற்பாள். கிணற்றுக் கட்டில் அவள் கால் வைக்கக் கூடாது, கயிற்றைத் தொடக் கூடாது. அவள் பிறந்த சாதி அப்படியாம். யாராவது அள்ளி ஊற்ற வேண்டும். கமலாவதி வீட்டில் நின்றால் ஊற்றுவாள். அவள் படிப்பிக்கப் பள்ளிக்கூடம் போய்விட்டால், பிறகு தில்லைநாதனின் தமக்கை இரத்தினம்மாவின் இராச்சியம். மச்சாளுக்கு மனம் வந்தால் ஒரு குடம், வராவிட்டால் அதுவும் இல்லை. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த மனுசி வெறுங்குடத்தோடு திரும்பிப் போன நாட்கள் கொஞ்சநஞ்சமில்லை.

"உங்கடை அக்காவோடை ஒருக்கால் கதையுங்கோவன்" என்றால், தில்லைநாதன் "ம்" என்பார். பிறகு பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

"ஒரு மனுசி குடிக்கத் தண்ணியில்லாமல் நிக்குது. உங்களுக்கு ரோசாவுக்கு ஊத்தத் தண்ணி வேணுமாக்கும்" என்றாள் கமலாவதி, வீட்டுக்கு வரும் வழியில்.

"ம்."

கண்டுகளை நட்டு ஒன்றரை மாதம், கச்சேரிக்கு வேலைக்குப் போக முன்னும் வந்த பின்னும் அவரே அள்ளி ஊற்றினார். ஐம்பது வாளிக்குக் குறையாது. ரோசா பூத்தது, வெண்டி பிஞ்சு பிடித்தது. "உதென்ன விசர் வேலை" என்று முதலில் சொன்ன இரத்தினம்மா, இப்போது பாத்தியடியை விட்டு நகர்வதில்லை. கோயிலுக்கு ரோசாப்பூ, கறிக்கு வெண்டிக்காய். பக்கத்து வளவுக்காரி எட்டிப் பார்த்தால், எல்லாம் தன் கையால் வளர்த்த மாதிரிக் கதை வேறு.

அந்த நேரம் பார்த்துத் தில்லைநாதனுக்கு நாரிப்பிடிப்பு வந்தது; இடுப்பை நிமிர்த்த முடியவில்லையாம்.

"என்னாலை இனி ஏலாது. கருகினால் கருகட்டும்" என்று கட்டிலில் சாய்ந்துவிட்டார்.

இரத்தினம்மா ஒரு நாள் அள்ளிப் பார்த்தாள். பத்து வாளியோடு உள்ளங்கை கொப்புளித்தது. அடுத்த நாள் ரோசா வாடித் தொங்கியது. மூன்றாம் நாள் சனிக்கிழமை, கமலாவதி குசினிக்குள் சமைத்துக்கொண்டு நிற்க, கிணற்றடியில் மச்சாளின் குரல் கேட்டது.

"எடி தங்கமுத்து, சும்மாதானே நிக்கிறாய். வந்து கயித்தைப் பிடிச்சு உந்தக் கண்டுகளுக்கு இறை. விடியவும் பின்னேரமும் வா. கூலி தம்பி தருவான்."

தங்கமுத்து அசையவில்லை. "நானோ, அம்மா? கிணத்துக் கட்டிலை ஏறியோ?"

"தோட்டக் கிணத்திலை நீங்கள்தானே இறைக்கிறனியள். வேலைக்கெண்டால் அதொண்டும் பாக்கிறேல்லை. ஏறு."

கமலாவதி அகப்பையை வைத்துவிட்டு, தில்லைநாதன் படுத்திருந்த அறைக்குள் போனாள்.

"கேட்டியளோ? குடிக்கிறதுக்கெண்டால் தீட்டு, உங்கடை வெண்டிக்கெண்டால் தீட்டில்லை. ஒரு குடம் தண்ணிக்கு வழி பண்ணத் துப்பில்லை, அந்த மனுசியிட்டை வேலையும் வாங்கிறியள். வெக்கமாயில்லையோ?"

தில்லைநாதன் எழும்பி யன்னலடிக்குப் போனார். நாரிப்பிடிப்புக்காரன் எழும்புகிற எழும்பல் இல்லை அது.

"இஞ்சரும், இதிலை வந்து நில்லும்."

தங்கமுத்து கிணற்றுக் கட்டில் ஏறி நின்றாள். முதல் இரண்டு வாளியையும் சுற்றுமுற்றும் பார்த்துப் பார்த்து அள்ளினாள். பிறகு பார்க்கவில்லை. ரோசா, மணிவாழை, வெண்டி என்று வரிசையாக இறைத்தாள். கடைசிக் கீரைப் பாத்தியும் நனைந்த பிறகு, வேலியடிக்குப் போய்த் தன் குடங்களைத் தூக்கி வந்தாள். ஒருவரையும் கேட்கவில்லை. தானே அள்ளினாள், இரண்டையும் கழுத்துவரைக்கும் நிரப்பினாள்.

இரத்தினம்மா வாயைத் திறந்தாள். பிஞ்சு பிடித்த வெண்டியை ஒருக்கால் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

கமலாவதிக்கு, இந்த மனுசனையா இவ்வளவு நேரமும் திட்டினோம் என்றிருந்தது.

"எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே."

"அக்காவோடை நான் எத்தினை தரம் கதைச்சிருப்பன் தெரியுமோ? கதைச்ச அடுத்த நாள் அந்த மனுசிக்கு ஒரு குடமும் கிடைக்கிறேல்லை. அதாலைதான் வாயை மூடினனான்" என்றார் தில்லைநாதன். "இப்ப அக்கா தன்ரை வாயாலை கூப்பிட்டு ஏத்தின ஆளை இனி ஆர் இறக்கிறது? நீர் சொன்ன குரோட்டனை வைச்சிருந்தால், அக்கா கூப்பிட்டிருப்பாவோ?"