பயணப் பட்டியல்

"உட்காராதீங்க எம்.டி. சார். என் கேள்வி இன்னும் முடியல."

பாதி உட்கார்ந்திருந்த நிர்வாக இயக்குநர் மறுபடியும் நிமிர்ந்து நின்றார். முக்கால் மணி நேரமாக இதே கதிதான். சட்டைக் காலர் வேர்வையில் ஊறிக் கழுத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

எதிரில் இருந்தவள் ஃபைலில் ஒரு பக்கத்தைத் தட்டினாள். "மூணு வருஷமா பங்குதாரர்களுக்கு லாபத்துல ஒரு காசு கண்ணுல காட்டல. ஆனா உங்க ரூமுக்கு மட்டும் புது ஏசி. நாம செய்யறது அட்டைப்பெட்டி. அட்டைப்பெட்டிக்கு வேர்க்குதா?"

"இல்ல... பழசு ரிப்பேர் ஆகி... ஏறக்குறைய ஒரு வருஷமா..."

"ஏறக்குறையன்னு இழுத்தீங்கன்னா அங்கேயே கதை கந்தல். எந்தத் தேதியில ரிப்பேர் ஆச்சுன்னு சொல்லணும்." சட்டென்று எழுந்தாள். "ஒரு நிமிஷம், அடுப்புல பால் வச்சேன்."

ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி திரும்பி வந்தாள் அவர் மனைவி.

நாளைக் காலை பத்து மணிக்கு ஆண்டுக் கூட்டம். மொத்தம் நாற்பத்தொரு பங்குதாரர்கள். பாதிப் பேர் சொந்தக்காரர்கள், மீதிப் பேர் மாமனாரின் பழைய சிநேகிதர்கள். மாமனார் பாடுபட்டு வளர்த்த கம்பெனியை மருமகன் ஊர் சுற்றியே கரைக்கிறான் என்று ஆறு மாதமாகப் புகைந்துகொண்டிருந்தது.

அந்தப் புகையை ஊதிவிடுகிறவர் பல் டாக்டர். மரத்துப்போக ஊசி போடாமலே பல்லைப் பிடுங்குகிற மாதிரி கேள்வி கேட்பார். எம்.டி.யை மாற்ற வேண்டும் என்று தீர்மானமே எழுதிக் கொடுத்துவிட்டார்.

மாமனாரின் பங்கு முழுவதும் இப்போது மகள் பேரில். அவள் கை எந்தப் பக்கம் உயருமோ, அந்தப் பக்கம்தான் ஜெயிக்கும். அது அவருக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும்.

கணக்கு என்றாலே காத தூரம் ஓடுகிறவள் அவள். போன வாரம் தானாகவே வந்து, "அந்த ஃபைலையெல்லாம் குடுங்க, படிக்கிறேன். டாக்டர் மாதிரி நான் கேக்கிறேன், நீங்க பதில் சொல்லிப் பழகுங்க" என்றதும் அவர் எல்லா ஃபைலையும் அள்ளிக் கொண்டுவந்து கொடுத்தார். யார் கைவிட்டாலும் இவள் விடமாட்டாள்.

"அடுத்தது பெரிய கேள்வி." மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்கி, டாக்டரின் கரகரத்த குரலுக்குப் போனாள். "பயணச் செலவு போன வருஷத்தைவிட ரெண்டு மடங்கு. நிஜமாவே போனீங்களா, போகாமலே பில் போட்டீங்களா?"

"காகித ஆலைக்கெல்லாம் நேர்ல போனாத்தான் விலை படியும். அப்புறம் மெஷின் பார்க்கணும், புது ஆர்டர் பிடிக்கணும்..."

"வளவளன்னு பேசாதீங்க. அவங்களுக்கு உங்க பேச்சு மேலேயே சந்தேகம். நெத்தியடியா சொல்லுங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "நான் வெளியூர் போன ஒவ்வொரு நாளும் இந்தப் பட்டியல்ல இருக்கு. டிக்கெட் இருக்கு, தங்கின பில் இருக்கு."

"இது பரவாயில்ல. ஆனா டாக்டர் விடமாட்டார். கணக்குல காட்டாம, சொந்தச் செலவுல எங்கேயும் போகலையான்னு கேப்பார்."

"அப்படி ஒரு பயணமே கிடையாது. இந்தப் பட்டியல்ல இல்லாத நாள்ல நான் இந்த ஊரைத் தாண்டினதே இல்ல."

"இன்னொரு தடவை. தரையைப் பார்க்காம என்னைப் பார்த்துச் சொல்லுங்க."

சொன்னார். அவள் தலையாட்டவில்லை. மூன்றாவது தடவை சொன்னபோது குரல் கணீரென்று வந்தது. டாக்டர் வாயடைத்து நிற்கிற காட்சி கண்முன் ஓடியது. நாற்காலி தப்பித்தது என்றே அவருக்குத் தோன்றியது.

அவள் பட்டியலைப் புரட்டினாள். விரல் தேதி தேதியாக இறங்கி, ஓரிடத்தில் நின்றது.

"ஜூன் மாசத்துல ஒண்ணுமே இல்லையே. எழுத விட்டுப்போச்சா?"

"நல்லாப் பாருங்க டாக்டர்!" உற்சாகம் பொங்க மேசையைத் தட்டினார். "விட்டுப்போறதாவது! ஜூன் முழுக்க நான் இந்த ஊர்லயேதான் இருந்தேன். ஒரு டீச் செலவுகூடக் கிடையாது!"

அவள் ஃபைலை மூடினாள். கண்ணாடியைக் கழற்றி அதன் மேல் வைத்தாள். குரலில் டாக்டரின் கரகரப்பு இல்லை.

"எங்கப்பா செத்தது ஜூன்லதாங்க. வெளியூர்ல மாட்டிக்கிட்டேன், எடுக்கறதுக்குள்ள வந்து சேர முடியலன்னு போன்ல தேம்பித் தேம்பி அழுதீங்க."

அவர் ஃபைலை எடுக்கக் கை நீட்டினார். அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"யார் வீட்டுல இருந்து அழுதீங்க?"