ஒட்டகத்தின் பை

“பையைத் திறங்க சார்! டார்ச் இருக்கும்ல? தண்ணி இருக்கும்ல? இதுக்குத்தானே தினம் சுமந்துக்கிட்டு வர்றீங்க?”

வரவேற்பாளர் பெண்ணின் குரல் நடுங்கியது. ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்று ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மூடிய இடம் என்றாலே அவளுக்கு உயிர் போய் உயிர் வரும். மின்விசிறி வேறு நின்றுவிட்டது. மூலையில் ஒரே ஒரு சின்ன விளக்கு அழுது வடிந்தது.

கூட இருந்தது இரண்டே பேர். ஒருவர் மேலாளர். இன்னொருவர் ஸ்டோர் கீப்பர். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ‘ஒட்டகம்’. மூன்று வாரமாக முதுகில் ஒரு பெரிய பையோடு கூனிக்கொண்டு வருகிறார். கேட்டால், “வெள்ளம், தீ, எது வந்தாலும் கையில ஒரு பை தயாரா இருக்கணும்” என்பார். ஒட்டகம் என்று பெயர் வைத்த புண்ணியவதி இவளேதான். இப்போது அந்த ஒட்டகத்தின் தயவு வேண்டியிருந்தது.

“திறக்கலாம்மா. ஆனா இப்ப இல்ல” என்று சம்மணம் போட்டு உட்கார்ந்து, பையை மடியில் அணைத்துக்கொண்டார் அவர். “மெக்கானிக் ஒரு மணி நேரத்துல வந்துடுவாருன்னு வாட்ச்மேன் இன்டர்காம்ல சொல்லிட்டாரே. முதல் ஒரு மணி நேரம் பையில கை வைக்கக் கூடாது. வெச்சா, உள்ளதெல்லாம் மளமளன்னு காலியாயிடும்.”

“என்னய்யா, அந்தப் பொண்ணுக்கு மூச்சு வாங்குது, நீ சட்டம் பேசற!” என்று மேலாளர் பாய்ந்தார்.

“நீங்களும் உக்காருங்க சார். நின்னா இன்னும் வேர்க்கும்.”

மேலாளர் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படியும் ஒரு கஞ்சன் உண்டா?

“உள்ள என்னதான் இருக்கு? அதையாவது சொல்லித் தொலைங்க!”

அவர் கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக ஆரம்பித்தார். “கனமானது முதுகை ஒட்டி வரணும், அப்பதான் இடுப்பு பிடிக்காது. அதனால தண்ணி முதுகுப் பக்கம். ரெண்டு லிட்டர். மூணு பேருக்குக் காலைல வரைக்கும் தாராளம். அடியில போர்வை. டார்ச், விசில், மருந்து மூணும் மேல. அவசரத்துல கை முதல்ல தேடறது அதைத்தானே?”

“பிஸ்கட்?”

“ரெண்டு பாக்கெட். உப்பு இல்லாதது. உப்பு தின்னா தாகம் எடுக்கும்.”

“சாக்லேட்?” என்றார் மேலாளர், குழந்தை மாதிரி.

“உருகிடும் சார். அதுக்குப் பதிலா வேர்க்கடலை.”

அவளுக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. கயிறு எதற்கு, கத்தி எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினாள். அவரும் சளைக்காமல் பதில் சொன்னார். கையெட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கிறது என்ற நினைப்பே பாதித் தாகத்தைத் தணித்தது. மூச்சு எப்போது சீரானது என்று அவளுக்கே தெரியவில்லை.

ஐம்பதாவது நிமிடம் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி, மெல்ல இறங்கி, ஏழாவது மாடியில் வாயைத் திறந்தது. “அப்பாடா!” என்று வெளியே வந்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. குளிர்ந்த காற்றை நெஞ்சு நிறைய இழுத்தாள். மேலாளர் செல்போனும் கையுமாக ஓடினார்.

“மன்னிச்சுடுங்க சார். ஒட்டகம்னு பேரு வெச்சது நான்தான்.”

“தெரியும்மா.”

“நீங்க மட்டும் இல்லன்னா நான் அங்கேயே மயங்கி விழுந்திருப்பேன். இப்பவாவது அந்தத் தண்ணியில ஒரு வாய் குடுங்க.”

அவர் தயங்கினார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, பையின் ஜிப்பைச் சாண் அளவு இழுத்தார். உள்ளே, பழைய செய்தித்தாளில் சுற்றிய நாலு செங்கல்.

“புதுசா ஆரம்பிக்கறவங்க, முதல் ஒரு மாசம் வெறும் கனத்தைத் தூக்கிப் பழகணும்னு சொல்றாங்கம்மா” என்றார் குரலைத் தாழ்த்தி. “சாமானெல்லாம் அடுத்த வாரம்தான் வாங்கப் போறேன்.”