பெட்டியைத் தூக்காத மாப்பிள்ளை

"டாக்டரே வலிய வந்து கேட்டாங்க இல்ல, குழந்தைய எடுக்கும்போது கையோட கருத்தடையும் பண்ணிடலாமான்னு? உன் வீட்டுக்காரர் எதுக்கு வேண்டாம்னாரு?"

அக்கா குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். ஆனால் அவள் தாழ்த்திய குரலே பக்கத்து அறைக்குக் கேட்கும்.

தங்கை கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முன்கூட்டியே குறித்த தேதியில் முந்தாநாள் ஆபரேஷன் முடிந்து, பெண் குழந்தை பிறந்திருந்தது. முதல் பிரசவமும் ஆபரேஷன்தான். அப்போது தையல் சீழ் பிடித்து, மாதக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். இன்னொரு பிரசவத்தை இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் இந்த முறை தெளிவாகவே சொல்லியிருந்தார்.

"தெரியலக்கா. நான் சரின்னு சொல்லத்தான் இருந்தேன். தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போற நேரத்துல வந்து, 'அது மட்டும் இப்ப வேண்டாம், என்னை நம்பு'ன்னு கையப் பிடிச்சுக்கிட்டார். அந்தப் பதட்டத்துல நானும் தலையாட்டிட்டேன்."

"தலையாட்டினே! அவங்கம்மா நேத்து குழந்தையைப் பாத்துட்டு என்ன சொன்னாங்க? 'பரவாயில்ல, அடுத்தது பையனாப் பொறக்கட்டும்'னாங்களா இல்லையா? இது ஆத்தாவும் மகனும் முன்னாடியே பேசி வச்ச பேச்சு."

"அவர் அப்படிப்பட்டவர் இல்லக்கா."

"அப்ப நேத்து பூரா எங்க போனாரு? கடையில அவசர வேலைன்னாரு. சாயங்காலம் அவரோட முதலாளி ஆரஞ்சுப் பழத்தோட வந்து, 'எங்கம்மா அவன்? வாரம் பூரா லீவு வாங்கிட்டுப் போனானே'ங்கறாரு. நான் அசடு வழிஞ்சுக்கிட்டு நின்னேன்."

தங்கைக்கு இருமல் வந்தது. நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு மெதுவாக இருமினாள். இருமல் அடங்கியும் தலையணையை விடவில்லை.

"இன்னொண்ணு கேளு. காலையில வராந்தாவுல யார்கிட்டயோ போன் பேசிட்டிருந்தாரு. 'அவளுக்கு இப்ப தெரிய வேண்டாம், வீட்டுக்குப் போனதும் நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்'னு. என்னைப் பாத்ததும் பேச்சை வெட்டிட்டாரு."

அந்த நேரம் பார்த்துக் கணவன் உள்ளே வந்தான். கூடவே மூத்த மகள் துள்ளிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அப்பா, தூக்கு! நான் மேல இருந்து பாப்பாவப் பாக்கணும்!"

இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு குதித்தாள். அவன் குனியவே இல்லை. காலால் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டு, "இதுல ஏறிப் பாருடா செல்லம்" என்றான்.

அக்கா தங்கையைப் பார்த்து, பார்த்தாயா என்பதுபோல் கண்ணைக் காட்டினாள்.

"முகமே சரியில்லையே, உடம்புக்கு என்ன?" என்று தங்கை கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. சரியான தூக்கம் இல்ல."

கொஞ்ச நேரத்தில் மகளைக் கூட்டிக்கொண்டு அவன் வெளியே போனான். அக்கா கதவைச் சாத்தினாள்.

"ரெண்டாவதும் பொண்ணுன்னதும் மூத்தவளும் கசந்துட்டா போல. பெத்த பிள்ளையத் தூக்கறதுக்குக்கூட மனசு வரல பாரு!"

தங்கை குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். போன தடவை தையல் பிரிந்தபோது, முகம் சுளிக்காமல் தினமும் புண்ணைத் துடைத்து மருந்து வைத்தவன் இவன்தான். அந்த மனிதனும் இந்த மனிதனும் ஒரே ஆளா? குழந்தை பால் குடித்துவிட்டுத் தூங்கியது. அவளுக்குத்தான் கண் மூடவில்லை.

மறுநாள் காலை வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தங்கை பக்கவாட்டில் புரண்டு, கால்களைக் கீழே இறக்கி, தையலை ஒரு கையால் தாங்கியபடி எழுந்து உட்கார்ந்தாள். அக்கா குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். துணிமணி நிரம்பிய பெட்டி சுவரோரம் இருந்தது.

"மாப்பிள்ளை, பெட்டிய எடுத்துக்கிறீங்களா?"

"அதுக்கு வார்டு ஆளை வரச் சொல்லியிருக்கேன்."

"தனியாளா ஃபிரிட்ஜைத் தூக்கி வேன்ல ஏத்துற மெக்கானிக் நீங்க. இந்தப் பெட்டி உங்களுக்குக் கனமாப் போச்சா?"

அவன் சுவரில் சாய்ந்தபடி அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் தங்கையின் பொறுமை உடைந்தது.

"என்னங்க, நேரடியாவே கேக்கறேன். மூணாவது பிள்ளை வேணுமா உங்களுக்கு? அதுக்காக நான் செத்தாலும் பரவாயில்லையா?"

அவன் முகம் வெளிறிப் போனது. அக்காவைப் பார்த்தான்.

"என்ன பேச்சு இது? வீட்டுக்குப் போய்ச் சொல்றேனே..."

"இப்பவே சொல்லுங்க. எங்கக்கா முன்னாடியே சொல்லுங்க."

கதவு திறந்தது. நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். தங்கை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். நர்ஸோ அவளைத் தாண்டிப் போய் அவன் முன்னால் நாற்காலியை நிறுத்தினாள்.

"முதல்ல நீங்க உக்காருங்க சார், உங்க வீட்டம்மாவுக்கு வேற நாற்காலி வருது. 'அவ பட்டதெல்லாம் போதும், எனக்குப் பண்ணுங்க'ன்னு டாக்டர்கிட்ட மல்லுக்கட்டிக் கருத்தடை ஆபரேஷன் பண்ணிக்கிட்டு, ரெண்டாம் நாளே இப்படி மாடிப்படி ஏறி இறங்கினா தையல் என்னத்துக்கு ஆகும்?"

அக்கா குழந்தையைத் தங்கையின் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.